பழைய மெட்டல் டிடெக்டர், தொலைந்த மோதிரம், 12 நாள்

வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன். வயது 34. மூன்று வாரத்துக்கு முன்பு குடும்பத்தோடு பக்கத்து நிலத்துக்காரரின் புல்வெளியில் ஒரு பிற்பகல் உட்கார்ந்திருந்தார்கள். வீடு திரும்பிய பிறகுதான் அக்காவின் விரலில் மோதிரம் இல்லை என்பது தெரிந்தது. மெல்லிய தங்க மோதிரம், ஒற்றைக் கல் வைத்தது, அம்மாவிடமிருந்து வந்தது. குனிந்து குனிந்து தேடியும் கிடைக்கவில்லை. இன்னும் 12 நாளில் அந்த நிலத்தை உழப்போகிறார்கள். "நான் கண்டுபிடித்துத் தருகிறேன்" என்று இவர் அக்காவிடம் வாக்குக் கொடுத்துவிட்டார். தெரிந்த பெரியவர் ஒருவர் தன்னுடைய பழைய மெட்டல் டிடெக்டரைக் கொடுத்திருக்கிறார். கையேடு இல்லை. மூன்று குமிழ், 0 முதல் 99 வரை எண் காட்டும் சின்னத் திரை, தண்டின் அடியில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு காயில் (தரைமேல் ஓட்டும் கம்பிச்சுருள் தட்டு).

வீட்டுக் கூடத்தில் வைத்துப் போட்டதும் எந்தப் பக்கம் நீட்டினாலும் கத்தியிருக்கிறது. வெளியே மின்கம்பத்துக்கு அருகில் நின்று பார்த்தால், காயிலை அசைக்காமல் வைத்திருந்தபோதும் கீச்சிட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. ஆழமாகப் பார்க்கட்டும் என்று, மெல்லிய சமிக்ஞையையும் பிடிக்க வைக்கும் சென்சிட்டிவிட்டியைக் கடைசிவரை ஏற்றினார். வேண்டாத உலோகத்துக்குச் சத்தம் தராமல் ஒதுக்குவது டிஸ்கிரிமினேஷன்; குப்பை வேண்டாம் என்று இரும்பும் அலுமினியத் தாளும் ஒதுங்கும் அளவுக்கு அதைக் கூட்டினார். 'ஜி.பி.' என்று எழுதியிருந்த மூன்றாவது குமிழ் எதற்கென்று தெரியாமல் அதையும் கடைசிவரை திருகிவிட்டார். இந்தக் கருவி மூன்று மீட்டர் ஆழம்வரை பார்க்கும் என்று யாரோ சொன்னதையும் எழுதியிருக்கிறார்.

அவர் கேட்பது இவை: கருவி கெட்டுவிட்டதா? புதிது வாங்கிவிடவா? தங்கத்துக்கு எந்த எண்? நாளைக்கே நிலத்துக்குப் போய்விடலாமா? தேடும்போது வேறு பழைய பொருள் ஏதாவது கிடைத்தால் அது எனக்குத்தானே?

அன்புள்ள வாசகருக்கு,

முதலில் நிலத்துக்காரரிடம் ஒரு வார்த்தை பேசுங்கள். நீங்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்த அந்தத் துண்டை மட்டும் கடைசியாக உழ முடியுமா என்று கேளுங்கள். கடிதம் முழுவதும் 12 நாள், 12 நாள் என்று இருக்கிறது. இதை மட்டும் அவரிடம் கேட்டதாகத் தெரியவில்லை. இரண்டு நாள் கூடுதலாகக் கிடைத்தாலே உங்கள் பதற்றம் பாதி குறைந்துவிடும். பதற்றத்தோடு காயிலை வீசுகிறவர்கள் வேகமாக வீசுவார்கள், வேகமாக வீசினால் சின்னப் பொருள் தப்பிவிடும்.

அடுத்தது நல்ல செய்தி. மோதிரம் விழுந்து மூன்று வாரம்தான் ஆகிறது. புல்வேருக்குள் இறங்கியிருந்தாலும் இரண்டு, மூன்று சென்டிமீட்டருக்கு மேல் போயிருக்க வாய்ப்புக் குறைவு. ஆகவே ஆழம் உங்களுக்குத் தேவையே இல்லை. நீங்கள் ஆழத்துக்காக ஏற்றி வைத்த சென்சிட்டிவிட்டிதான் இப்போது கருவியைக் கத்த வைக்கிற காரணங்களில் ஒன்று. அதைப் பாதிக்குக் கீழே இறக்கினாலும் மேல்மண்ணில் கிடக்கும் மோதிரத்தை அது விடாது.

மூன்று மீட்டர் கதையை மறந்துவிடுங்கள். சின்னப் பொருளிலிருந்து திரும்பி வரும் சமிக்ஞை, தூரம் இரட்டிப்பானால் ஏறத்தாழ 64-இல் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். போகும்போது ஒரு முறை எட்டில் ஒன்று, திரும்பும்போது இன்னொரு முறை எட்டில் ஒன்று. இந்த வகைக் கருவி ஒரு நாணயத்தைச் சாதாரண மண்ணில் 20, 25 சென்டிமீட்டரில் பிடித்தாலே நன்றாக வேலை செய்கிறது என்று அர்த்தம். பீப்பாய் மாதிரி பெரிய பொருள் என்றால் இன்னும் ஆழத்தில் தெரியும். மூன்று மீட்டரில் மோதிரம் தெரியவே தெரியாது.

கருவி கெட்டுவிட்டதா?

கடிதத்தில் உள்ளதை வைத்துச் சொன்னால், அநேகமாக இல்லை. கத்த வேண்டிய இடத்தில் வைத்துத்தான் போட்டிருக்கிறீர்கள். தரைக்குள் கம்பி, சுவருக்குள் மின்சார வயர், ஆணி, குழாய், மேசைக்கால், வைஃபை பெட்டி என்று ஒரு வீட்டுக் கூடத்தில் கருவிக்குத் தொல்லை தராத பொருளே குறைவு. வெளியே போனீர்கள், ஆனால் மின்கம்பத்துக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டீர்கள். காயில் அசையாமல் இருக்கும்போதும் கீச்சிடுகிறது என்றால் பெரும்பாலும் அது காற்றில் வரும் மின்காந்த இரைச்சல். அதோடு சென்சிட்டிவிட்டி உச்சத்தில் இருந்தால் கேட்க வேண்டுமா.

இதில் நீங்கள் ஏமாந்தது புதிதல்ல. 1881 ஜூலையில் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்ட் சுடப்பட்டு, உடம்பில் குண்டு எங்கே இருக்கிறது என்று மருத்துவர்கள் திணறியபோது, தொலைபேசியைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரகாம் பெல் ஒரு மின்கருவியோடு வந்தார். இன்றைய மெட்டல் டிடெக்டரின் முன்னோடி அது. உடம்பில் பழைய குண்டைச் சுமந்துகொண்டிருந்த முன்னாள் வீரர்களிடம் சோதித்தபோது வேலை செய்தது. அதிபரின் படுக்கையருகே தெளிவாக எதுவும் சொல்லவில்லை. படுத்திருந்த மெத்தைக்கு அடியில் எஃகுக் கம்பியால் ஆன இன்னொரு மெத்தை இருந்தது பிறகுதான் தெரிந்தது. கருவியைக் கண்டுபிடித்தவருக்கே இடம் காலை வாரிவிட்டது, கூடத்தில் நின்ற உங்களுக்கு என்ன.

ஆனாலும் நிலத்துக்குப் போகும் முன் கருவியின் உடம்பை ஒரு முறை சோதித்துவிடுங்கள். பேட்டரிப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பழைய கருவியில் அதன் உலோக முனைகள் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்துப்போயிருக்கும். அதைச் சுத்தம் செய்து, ஒரே வகைப் பேட்டரிகளைப் புதிதாகப் போடுங்கள். காயிலிலிருந்து வரும் வயர் தண்டில் இறுக்கமாகச் சுற்றியிருக்க வேண்டும். தொளதொளவென்று தொங்கினால் வீசும்போது அதுவே பொய்ச் சத்தம் எழுப்பும். காயிலுக்கு அடியில் பிளாஸ்டிக் உறை இருந்தால் கழற்றிப் பாருங்கள். உள்ளே மண்ணும் ஈரமும் சேர்ந்திருந்தால் அதுவும் கத்தும், இதைக் கவனிக்காமல் நல்ல காயிலைத் தூக்கிப் போட்டவர்களை எனக்குத் தெரியும். கடைசியாக, உலோகம் எதுவும் இல்லாத வெட்டவெளியில், சென்சிட்டிவிட்டியைப் பாதியில் வைத்து, காயிலைக் கையால் மெல்லத் தட்டுங்கள். பிறகு காயிலோடு வயர் சேரும் இடத்தை லேசாக அசைத்துப் பாருங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் சத்தம் வந்தால் மட்டும்தான் கோளாறு என்று சந்தேகப்பட வேண்டும்.

அந்த மூன்றாவது குமிழ்

'ஜி.பி.' என்பது கிரவுண்ட் பேலன்ஸ். மண்ணிலேயே இரும்புச் சத்துள்ள தாதுக்கள் இருக்கும். கருவி அதையும் ஒரு பொருளாக எண்ணிக் குழம்பாமல் இருக்கச் சமன் செய்யும் குமிழ் இது. இதைக் கடைசிவரை திருகி வைத்திருந்தால் நல்ல மண்ணில்கூடக் கருவி புலம்பும்.

சரிசெய்வது எளிது. உலோகம் இல்லாத ஓர் இடத்தைக் கண்டுபிடியுங்கள். எல்லா உலோகத்தையும் கேட்கும் முறையில் வைத்துக்கொண்டு, காயிலை முழங்கால் உயரத்திலிருந்து தரைக்கு மூன்று சென்டிமீட்டர் மேல்வரை இறக்கி ஏற்றுங்கள். தண்ணீர் இறைப்பதுபோல, நிதானமாக. இறக்கும்போது சத்தம் கூடுகிறதா, ஏற்றும்போது கூடுகிறதா என்று கேளுங்கள். குமிழை ஒரு பக்கம் கொஞ்சம் திருப்புங்கள். மோசமானால் எதிர்ப்பக்கம் திருப்புங்கள். ஏற்றினாலும் இறக்கினாலும் ஒரே மாதிரி கேட்டால் சமன் ஆகிவிட்டது. சில கருவிகளில் இந்தக் குமிழ் ஒரு சுற்றோடு நிற்காது, பல சுற்று சுற்றும். நீங்கள் "கடைசிவரை" திருகியது எத்தனை சுற்று என்று தெரியாது, ஆகவே பொறுமையாகத் திருப்புங்கள். மோதிரம் தொலைந்த நிலத்துக்குப் போனதும் இதை அங்கே மறுபடி செய்ய வேண்டும். வீட்டு மண்ணுக்குச் செய்த சமன் அந்த மண்ணுக்குப் பொருந்தாது.

தங்கத்துக்கு எந்த எண்?

இதில்தான் நீங்கள் பெரிய தவறு செய்யப் பார்த்தீர்கள். தங்கத்துக்கென்று ஒரு எண் கிடையாது.

காயில் நொடிக்குப் பல ஆயிரம் முறை திசை மாறும் காந்தப் புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது. அது உலோகத்தில் பட்டால் உள்ளே சுழல் மின்னோட்டம் எழும். அந்த மின்னோட்டம் தன் பங்குக்கு ஒரு காந்தப் புலத்தை எழுப்பும். திரும்பி வரும் அந்தப் பதில் எவ்வளவு பிந்தி வருகிறது என்பதைத்தான் கருவி எண்ணாக மாற்றிக் காட்டுகிறது. எவ்வளவு பிந்தும் என்பது உலோகத்தின் கடத்துதிறனை மட்டும் பொறுத்தது இல்லை. தடிமன், அளவு, வடிவம், மண்ணில் கிடக்கும் கோணம் எல்லாம் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன. கனமான வெள்ளி நாணயம் எண் வரிசையில் மேலே நிற்கும். மெல்லிய தங்க மோதிரமோ கசங்கிய அலுமினியத் தாளும் பானக் குவளையின் திறப்பு வளையமும் நிற்கும் அதே இடத்தில் போய் நிற்கும். ஆக, அலுமினியத் தாளை ஒதுக்கச் சொல்லி வைத்த கருவி அக்காவின் மோதிரத்தையும் சேர்த்தே ஒதுக்கிவிடும். மோதிரத்தின் மேலேயே காயிலை ஓட்டிவிட்டு, சத்தம் வரவில்லை என்று வீட்டுக்கு வந்திருப்பீர்கள்.

டிஸ்கிரிமினேஷனை மிகக் கீழே இறக்குங்கள், ஆணியை மட்டும் ஒதுக்கினால் போதும். குப்பை நிறைய தோண்ட வேண்டிவரும். பரவாயில்லை, நீங்கள் தேடப்போவது ஒரு சின்னத் துண்டு நிலம்தானே.

சோதனைப் பாத்தி

நாளைக்கே போகலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். இரண்டு, மூன்று மாலை நேரங்களை ஒதுக்குங்கள். வீட்டுக்குப் பின்னாலோ தெரிந்தவர் தோட்டத்திலோ இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் இடம் போதும். முதலில் அந்த இடத்தைக் கருவியால் துழாவி, ஏற்கெனவே கிடக்கும் ஆணி, கம்பித் துண்டு எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். இதைச் செய்யாமல் தொடங்கினால் எந்தச் சத்தம் எதனுடையது என்று தெரியாது.

அப்புறம், தொலைந்த மோதிரத்தைப் போலவே மெல்லிய மோதிரம் ஒன்றை வீட்டில் யாரிடமாவது கேட்டு வாங்குங்கள். எங்கும் வெட்டுப்படாத, முழு வட்டமாக இருக்கும் மோதிரம் வேண்டும். வெட்டுப்பட்ட மோதிரத்தில் மின்னோட்டம் சுற்றிவர வழியில்லாமல் பதில் மிகவும் பலவீனமாகிவிடும், அதைக் கேட்டுப் பழகினால் தவறான பாடம். அதே காரணத்துக்காகச் சங்கிலியும் உதவாது, கண்ணி கண்ணியாகப் பிரிந்து கேட்கும். வாங்கிய மோதிரத்தில் பளிச்சென்ற நிறத்தில் நீளமான நூல் கட்டி, மறுமுனையை ஒரு குச்சியில் கட்டுங்கள். சிரிக்காதீர்கள். தொடக்க காலத்தில் நான் சோதனைக்குப் புதைத்த நாணயத்தை அடையாளம் வைக்காமல் மூடிவிட்டு அரைமணி நேரம் தேடியிருக்கிறேன், கையில் கருவியோடு.

முதலில் மோதிரத்தைக் காயிலுக்கு மேலே காற்றில் அசைத்துப் பாருங்கள். இது ஆழத்தை அளக்க இல்லை, மண்ணுக்குள் நிலைமையே வேறு. காயிலின் எந்தப் பகுதியில் சத்தம் கூர்மையாக இருக்கிறது என்று கண்டுபிடிக்கத்தான். சில காயிலில் அது நடுமையத்தில் இருக்கும், சிலவற்றில் நடுக்கோடு நெடுக இருக்கும். அந்த இடத்தில் ஒரு நிற டேப் ஒட்டிவிடுங்கள். தோண்டும்போது பாதி வேலை மிச்சம்.

பிறகு மோதிரத்தைப் புல்லுக்குள் படுக்கையாக வைத்து, அதன் மேல் காயிலை ஓட்டுங்கள். அதையே செங்குத்தாகச் செருகி ஓட்டுங்கள். மூன்று சென்டிமீட்டர் மண்ணுக்குள் வைத்து ஓட்டுங்கள். ஒவ்வொன்றுக்கும் எண் என்ன, சத்தம் எப்படி என்று ஒரு தாளில் எழுதுங்கள். எண்ணை மட்டும் எழுதாதீர்கள், "வழவழவென்று ஒரே சத்தம்", "விட்டு விட்டு", "இரண்டு தடவை கொத்துகிறது" என்று உங்கள் பாஷையில் எழுதுங்கள். பிறகு கசங்கிய அலுமினியத் தாள், பாட்டில் மூடி, துருப்பிடித்த ஆணி, குவளை வளையம், செப்பு நாணயம். எல்லாவற்றின் மேலும் காயிலை நேராக ஒரு முறை, நிற்கும் பக்கத்தை மாற்றிக் குறுக்காக ஒரு முறை ஓட்டுங்கள். மோதிரத்தின் எண் இரண்டு திசையிலும் அதிகம் அலையாது. ஆணி ஒரு பக்கம் ஒன்று சொல்லும், மறுபக்கம் வேறு சொல்லும் அல்லது வாயை மூடிக்கொள்ளும். தட்டையான துருப்பிடித்த இரும்பு மட்டும் சில நேரம் நல்ல உலோகம்போலவே நடிக்கும். பாட்டில் மூடியும் அந்த ஜாதிதான்.

ஒரு ஆணியை மோதிரத்துக்கு ஒரு விரல் தள்ளி வைத்தும் பாருங்கள். மோதிரம் காணாமல் போகக்கூடும். காயிலை மெதுவாக, சின்ன வீச்சாக ஓட்டினால் மறுபடி எட்டிப் பார்க்கும். எந்த வேகத்தில் மோதிரம் திரும்பக் கேட்கிறதோ, அதுதான் நிலத்தில் உங்கள் வேகம்.

மூன்றாவது மாலை அக்காவைக் கூப்பிடுங்கள். நீங்கள் திரும்பி நிற்க, அவர் பொருள்களைச் சருகுகளுக்கு அடியில் மாற்றி மாற்றி வைக்கட்டும். நீங்கள் காதால் கேட்டு, தோண்டலாமா வேண்டாமா என்று சொல்லுங்கள். பத்துச் சுற்றில் மோதிரத்தை ஒரு முறைகூடக் "குப்பை" என்று சொல்லவில்லை என்றால் நிலத்துக்குப் போகலாம். குப்பையை மோதிரம் என்று சொன்னால் பரவாயில்லை. கடிதத்தின் தொனியைப் பார்த்தால் நீங்கள் இருவரும் இந்த மூன்று வாரமாக மோதிரத்தைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை போலிருக்கிறது. சேர்ந்து ஒரு வேலை செய்தால் நல்லதுதான்.

நிலத்தில்

கைபேசியையும் சாவியையும் தள்ளி வையுங்கள். முனையில் இரும்பு வைத்த காலணி வேண்டாம். தோண்டும் கருவி காயிலுக்கு அருகில் இருக்கக் கூடாது. உட்கார்ந்திருந்த இடத்தை நடுவாக வைத்து, ஒரு மீட்டர் அகலத்தில் கயிறு கட்டித் தடம் தடமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். காயில் தரைக்கு இணையாக, புல்லை உரசும் அளவுக்குத் தாழ்வாக ஓட வேண்டும். வீச்சின் முடிவில் ஊஞ்சல்போல மேலே தூக்குவது எல்லோருக்கும் வரும் பழக்கம், அங்கேதான் பொருள் தப்பும். ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சின் பாதியை மூட வேண்டும். சத்தம் வந்தால் உடனே மண்வெட்டியைக் குத்தாதீர்கள், முதலில் விரலால் புல்லைப் பிரித்துப் பாருங்கள். கல் வைத்த மோதிரம்.

கிடைப்பது யாருக்கு?

மோதிரம் தொலைந்தாலும் அக்காவுடையதுதான், தொலைத்ததால் உரிமை போய்விடாது. மற்றதெல்லாம் அப்படியில்லை. "நான் எடுத்தேன், ஆகவே எனக்கு" என்ற எண்ணம் தவறு. அடுத்தவர் நிலத்தில் கிடைத்ததில் நில உரிமையாளருக்குப் பங்கோ முழு உரிமையோ இருக்கலாம். பழங்காலப் பொருள் என்றால் பல நாடுகளில் அரசிடம் தெரிவிக்க வேண்டும், சில இடங்களில் அது அரசுக்கே சொந்தம். பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் கருவியோடு நுழைவதே குற்றமாகலாம். கருவி வைத்திருக்கவே அனுமதி தேவைப்படும் நாடுகளும் உண்டு. சட்டம் இடத்துக்கு இடம் மாறும். நீங்கள் இருக்கும் இடத்தில் என்ன விதி என்று கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

நிலத்துக்காரரிடம் வாய்மொழியாகச் சம்மதம் வாங்கியிருந்தாலும் ஒரு குறுஞ்செய்தியாவது எழுத்தில் இருக்கட்டும். எந்த நாள், எந்தத் துண்டு, தோண்டிய குழியை மூடிவிடுவேன், வேறு எது கிடைத்தாலும் காட்டுவேன் என்று அதில் சொல்லிவிடுங்கள். மண்ணுக்குள் மின்வயரோ குழாயோ போகிறதா என்றும் கேளுங்கள். உருளையாகவோ துடுப்புப் போன்ற வால் வைத்தோ கனமான இரும்பு ஏதாவது தென்பட்டால் தொடாமல், இடத்தை அடையாளம் வைத்துவிட்டு விலகிப் போய்க் காவல்துறைக்குச் சொல்லுங்கள். பழைய வெடிபொருள் துருப்பிடித்தாலும் வெடிக்கும்.

புதிது வாங்குவதா என்ற கேள்விக்கு: இப்போது வேண்டாம். புதுக் கருவி என்றால் அதையும் முதலிலிருந்து பழக வேண்டும், உங்களிடம் நாள் இல்லை. தட்டிப் பார்க்கும் சோதனையில் இந்தக் காயில் தோற்றால், கருவியைக் கொடுத்த பெரியவரையே உதவிக்குக் கூப்பிடுங்கள். அவருக்கு அதன் கோளாறு தெரிந்திருக்கும். அவரால் வர முடியாவிட்டால், இந்தப் பழக்கம் உள்ள வேறொருவர் தன் கருவியோடு ஒரு நாள் வருவது, நீங்கள் புதிதாக வாங்கித் தடுமாறுவதைவிட எவ்வளவோ மேல். அப்படி யாராவது வந்தால், அவர் கருவியைப் போடும் முன்பே அந்த இரவல் மோதிரத்தைப் புல்லில் வைத்து, அதன் சத்தத்தை அவருக்கும் ஒரு முறை கேட்கக் கொடுங்கள். நூல் கட்டித்தான்.